முதலிடம் எதற்கு?

வகுப்பிலே ஒருவன் முதலாம் பிள்ளையாக வந்தான் என்று கேட்டால், எத்தேர்வில், எத்தனை பேருள், எவ்வளவுகோலால் வந்தான் என்று வினவுதல் அறிந்தோர் வழக்கம். அளவுகோலை அறியாது முதலிடத்தைப் பாராட்டுதல் பேதைமையாகும். பல்லாண்டுகளாக மாணாக்கர்க்கு இதனைப் போதித்துவந்த யாமே அண்மையில் இதனை மறந்து ஒரு பிழை செய்தோம். அப்பிழையைப் பழைய மாணவர் முன்னும் இன்றைய மாணவர் முன்னும் வைத்து, அதனால் யாம் தெளிந்த கருத்தொன்றை இம்மலரிற் கூற விழைகின்றோம்.

இணையத்திலுள்ள தேசப்படங்களில் ஓர் ஊரைத் தொட்டவுடன் அவ்வூரின் தெருவும் கோயிலும் கடற்கரையும் படங்களாகத் தோன்றுதலை இன்று சிறுவரும் அறிவர். அவற்றுட் சில நாற்புறமும் மேலும் கீழும் திருப்பிப் பார்க்கத்தக்க முழுக்காட்சிப் படங்கள். ஆங்கிலத்திலே 'பனோரமா' என வழங்கும் சொல், 'எல்லாம்', 'காட்சி' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. றொபேட் பாக்கர் என்னும் ஓவியர் எடின்பரோ நகரை ஒரு குன்றின்மீது நின்று சுற்றெங்கும் நோக்கித் தீட்டி, அம்முறைக்கு 1787ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். பின்னர் 1793இல் இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்தில் வட்டமண்டபம் ஒன்றை எழுப்பி, நடுவிலே நிற்போர் தம்மைச் சூழ்ந்த ஓவியத்தை நாற்றிசையும் காணச் செய்தார்.

அன்று மண்டபம் வேண்டியிருந்த இக்கலைக்கு இன்று ஒரு கைத்தொலைபேசியே போதும். ஓரிடத்தில் நின்று, கண்ணாடிவில்லை இடம்பெயராதவாறு கருவியைச் சுழற்றி, ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்தின்மேற் படியுமாறு பல படங்களை எடுத்தல் வேண்டும். கருவி அவற்றைத் தைத்து ஒன்றாக்கும். இடையே ஒருவர் நடந்தாராயின் அவர் இருமுறை தோன்றுதலும், தலையின்றித் தோன்றுதலும் உண்டு. கூகிள் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலே அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் இவ்வசதியை ஏற்படுத்திய பின், பொதுமக்களும் தம்மூர்க் காட்சிகளை இவ்வாறு எடுத்துத் தேசப்படத்தில் ஏற்றலாயினர்.

படங்களை இடத்தோடு பொருத்தி யாவரும் வழங்கும் வழக்கம் அதற்கும் முற்பட்டது. ஜோவாக்கின் குவென்கா, எடுவார்டோ மஞ்சோன் என்னும் ஸ்பானியர் இருவர் 2005ஆம் ஆண்டில் 'பனோரமியோ' என்ற தளத்தைத் தொடங்கினர். உலகின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் அன்பர்கள் தாம் எடுத்த படங்களை அதில் இட்டனர். 2007இல் கூகிள் அதனை வாங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நகரங்கள் ஐந்தில் வீதிக்காட்சி தொடங்கியது. இலங்கைத் தெருக்கள் 2016ஆம் ஆண்டில் அதில் இடம்பெற்றன. இன்று தேசப்படத்திற்குப் படம் வழங்குவோர்க்குப் புள்ளிகள் உண்டு. படம் ஒன்றுக்கு 5 புள்ளி, பத்துப் படிநிலைகள், பத்தாம் படிநிலைக்கு 100,000 புள்ளி. ஒருவரது படத்தை எத்தனை முறை பிறர் பார்த்தனர் என்ற கணக்கும் அவருக்கு அறிவிக்கப்படும். எமது பிழை இக்கணக்கிலே தொடங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன், மாணாக்கர் தம் ஊர்களில் எடுத்துத் தேசப்படத்தில் ஏற்றிய முழுக்காட்சிப் படங்களுக்குத் தமிழ் மன்றத்தின் சார்பிலே பரிசளிக்க எண்ணினோம். எட்டு மாணவர் பங்குகொண்டனர். படக்கலையில் யாம் பயிற்சியுடையேம் அல்லேம். ஆதலின், மிகப் பலராற் பார்க்கப்பட்ட படமே முதலாவது என்று முடிவு செய்தோம். எண்ணுக்கு உறவுமில்லை, பகையுமில்லை, அது நடுநிலை பிழையாது என்பது எமது எண்ணமாயிருந்தது. காரைநகர்க் கசூரினாக் கடற்கரையை மாலைப்பொழுதில் எடுத்த படம் முதலிடம் பெற்றது. அதனைப் பல்லாயிரவர் பார்த்திருந்தனர். ஐம்பது பேர்தாமும் பாராத ஒரு படம் கடைசியாயிற்று. காலைக் கூட்டத்திலே முதல்வனுக்குக் கரகோஷம் எழுந்தது. கடையன் தலைகுனிந்து நின்றான்.

அக்கடைசிப் படம் வலிகாமம் வடக்கில் எடுக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டிலே அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தமையும், நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாயிருந்த நிலங்கள் பின்னர்ப் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டமையும் யாவரும் அறிந்தவை. அவ்வாறு விடுவிக்கப்பட்ட தன் அம்மம்மாவின் காணிக்கு முதன்முறை சென்ற அம்மாணவன், கிணற்றடியில் நின்று நாற்புறமும் படம் எடுத்திருந்தான். ஒருபுறம் தலையற்ற பனைகள்; ஒருபுறம் அத்திவாரக் கற்கள்; ஒருபுறம் புளியமரம்; ஒருபுறம் பற்றை மூடிய ஒழுங்கை. பார்ப்போர் கண்ணைக் கவர அதில் யாதும் இல்லை.

ஏறக்குறைய ஆறு மாதங்களின் பின் பழைய மாணவர் சங்கத்தின் வழியாக எமக்கு ஒரு கடிதம் வந்தது. ரொறன்ரோ நகரில் வாழும் முதிய பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். தேசப்படத்திலே தம் ஊரைத் தேடியபொழுது அப்படத்தைக் கண்டாராம். அப்புளியமரத்துக்கு அப்பால் அவர் வீடு இருந்ததாம். மரம் இன்னும் நிற்கின்றது என்பதை அன்றுதான் அறிந்தாராம். தொண்ணூறு வயதான தம் தாயாரை அருகிருத்தி, படத்தை மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டினாராம். அம்மூதாட்டி நெடுநேரம் பேசாதிருந்து, கிணற்றைக் கண்டவுடன், "துலா எங்கை, மோனை?" என்று கேட்டாராம்.

அக்கடிதத்தை அம்மாணவனை அழைத்துப் படித்துக் காட்டினோம். அவன் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்றான். பின்னர், "சேர், துலாவின்ரை உக்கின துண்டு ஒண்டு கிணத்தடியிலை கிடந்தது. படம் வடிவாய் வராது, ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு நான்தான் இழுத்துப் பற்றைக்குள்ளை போட்டிட்டு எடுத்தனான்" என்றான்.

அவ்விடையில் எமது பிழை முழுவதும் விளங்கிற்று. அவன் துலாவை அகற்றியது கண்காட்சிக்காக. கண்காட்சியை எண்ணிக்கையால் அளந்தவர் யாம். பலர் பார்ப்பதே மேன்மை என்று யாம் வைத்த விதி, ஒருத்தி தேடிய பொருளைப் படத்திலிருந்து நீக்கிவிட்டது.

ஆராய்ந்து பார்ப்போமாயின், பார்வைத் தொகை படத்தின் தகுதியை அளப்பதன்று. அவ்விடத்தைத் தேடுவோரின் தொகையையே பெரிதும் அளப்பது. கடற்கரையைத் தேடுவோர் பல்லாயிரவர். ஓர் ஒழுங்கையைத் தேடுவோர் அங்கே பிறந்தவர் மாத்திரமே. பலர் தேடும் இடத்திலே சுமாரான படமும் பலராற் பார்க்கப்படும். மேலும், பலர் பார்த்த படம் முன்னே நிறுத்தப்படுமாயின், முன்னே நிற்பதனாலேயே அதனை இன்னும் பலர் பார்ப்பர். சந்தையில் வாயிற்கடைக்காரன் மிக விற்றான் என்பதனால் அவன் சரக்கே சிறந்தது என்று யாரும் சொல்லார்.

இன்னுமொன்று. சாதாரணப் படம் எடுப்போன் ஒரு பக்கத்தைத் தெரிந்து, ஏனைய பக்கங்களை விடுகின்றான். முழுக்காட்சிப் படத்திலோ முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கோயிலும் அதன் எதிரேயுள்ள குப்பைமேடும் அதில் ஒருங்கே நிற்கும். எத்திசைக்கும் முதன்மை கொடாத இக்கலையை, முதலிடம் இரண்டாமிடம் என்னும் ஏணியிற் கட்டுதல் அதன் இயல்புக்கே மாறானது அன்றோ!

தமிழர்க்கு இப்பகிர்வு புதியதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். தான் சென்று பரிசில் பெற்ற ஒருவன், பெறாது வருந்தி எதிர்வரும் ஒருவனுக்கு வழி கூறுதலே ஆற்றுப்படை. மலைபடுகடாத்திலே வழியின் வளத்தோடு அதன் இடர்களும் கூறப்படும். வழி கூறுவோன், கேட்போனுக்கு உதவுவதை விடுத்து அவன் கரகோஷத்தை நாடுவானாயின், இடர்களை மறைத்து இனியவற்றையே சொல்வான். துலாவை அகற்றிய மாணவன் செய்ததும் அதுவே.

இனி, வழங்குவோர் கருதவேண்டிய இரண்டாவது பொருள் ஒன்றுண்டு. பிறர் களஞ்சியத்தில் இட்ட நெல் நம் களஞ்சியத்தில் உள்ளதாகாது. பனோரமியோவை மூடும் எண்ணத்தைக் கூகிள் 2014ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதனைத் தொடங்கியோரும் படம் வழங்கியோரும் எதிர்த்து முறையிட்டமையால் அது தள்ளிவைக்கப்பட்டது. ஆயினும் 2016 நவம்பரில் அது மூடப்பட்டது. படங்களைச் சூழ்ந்து வளர்ந்த அன்பர் கூட்டமும் கலைந்தது. வீதிக்காட்சிக்கென இருந்த தனிச் செயலியும் 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2013இல் சுவீடன் தேசத்தில் தோன்றி, பொதுமக்களிடம் வீதிப்படங்களைப் பெற்றுவந்த மப்பிலரி 2020இல் பேஸ்புக்கின் உடைமையாயிற்று. இவற்றில் வஞ்சனை உண்டென்று யாம் கூறவில்லை. வணிக நிறுவனம் தன் வசதிப்படி கடையைத் திறக்கும், மூடும். நம் ஊரின் நினைவை அக்கடையின் கதவோடு கட்டிவிடுதல் தகாது என்பதே எமது கருத்து.

பிற சமூகங்களினும் நாம் இதனை நன்கு உணரவேண்டியவர். 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை மீளவேயில்லை. ஒரே இடத்தில் ஒரே படியாக வைத்தலின் தீமையை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் உண்டோ?

ஆகவே, பழைய மாணவர் சங்கத்திடமும் மாணாக்கரிடமும் எமது வேண்டுகோள் இது. தேசப்படத்திற்குப் படம் வழங்குவதைக் கைவிடாதீர்கள், அது நற்பணி. ஆனால் ஏற்றும் ஒவ்வொரு படத்தின் மூலப்படியையும் கல்லூரி நூலகத்தில் ஒன்றும் வேறோரிடத்தில் ஒன்றுமாக வையுங்கள். எடுத்த திகதி, இடம், எடுத்தவர் பெயர், அவ்விடத்தின் வழக்குப் பெயர் ஆகியவற்றை உடன் எழுதுங்கள். ஒழுங்கையின் பெயரும் வயலின் பெயரும் குளத்தின் பெயரும் முதியோர் நாவில் மாத்திரமே உள்ளன. அவை எப்படத்திலும் தாமாகத் தோன்றா. பிரான்சு தேசத்தில் அரச நிலவரைவு நிறுவனமும் தேசப்பட ஆர்வலரும் கூடி, படங்களைப் பல நிலையங்களிற் பகிர்ந்து காக்கும் 'பனோரமாக்ஸ்' என்ற முறையை நடத்துகின்றனர். சிறிய அளவில் நாமும் அவ்வாறு செய்தல் இயலாததன்று.

பரிசு வேண்டாவோ எனின், வேண்டும். ஊக்கமின்றி இளைஞர் உழையார். எனினும் அளவுகோலை மாற்றுவோம். படம் இடத்தை உள்ளவாறு காட்டுகின்றதா? இதற்கு முன் யாரும் காட்டாத இடமா? நாட்சென்றபின் வருவோன் இதனால் ஒன்றை அறிவானா? இம்மூன்று வினாக்களையும் கேட்டு மதிப்பிடுவோம். எண்ணிக்கை எளிது, மதிப்பிடுதல் கடினம். கடினமானதைச் செய்தற்கே ஆசிரியர் உளர். நடுநிலை என்ற பெயரால் யாம் அக்கடமையை எண்ணிக்கையிடம் ஒப்படைத்துவிட்டோம்.

நாற்புறமும் நோக்கும் கருவி அயலார் முற்றத்தையும் நோக்கும் என்பதையும் மாணாக்கர் மறவாதிருத்தல் வேண்டும். ஜேர்மனியில் 2010ஆம் ஆண்டிலே ஏறக்குறைய 244,000 வீட்டார் தம் இல்லங்களை வீதிக்காட்சியில் மறைக்குமாறு கோரினர். நம் ஊரிலே அவ்வாறு கோரும் வழி அறியாதோர் பலர். எனவே வேலிக்கு அப்பாலுள்ளவரிடம், "அம்மா, படம் எடுக்கலாமோ?" என்று ஒரு சொல் கேட்டபின் எடுத்தலே பண்பு.

அம்மாணவன் மீண்டும் காணிக்குச் சென்றான். துலாவை முன்பு கிடந்த இடத்தில் வைத்து எடுக்கலாமோ என்று எம்மிடம் வினவினான். வேண்டா, இப்பொழுது கிடக்கும் பற்றைக்குள்ளேயே எடுத்து, அதனை இழுத்துப் போட்டவன் நீ என்பதைக் குறிப்பிலே எழுது என்றோம். அவ்வாறே செய்தான். அப்படம் ரொறன்ரோவுக்கு அனுப்பப்பட்டது. அதனைத் தேசப்படத்தில் இதுவரை எத்தனை பேர் பார்த்தனர் என்று யாம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அப்படமும் அதன் குறிப்பும் நூலகத்தில் உள்ளன. யூபிலி விழாவுக்கு வரும் அன்பர்கள் அங்கே அவற்றைக் காணலாம்; தத்தம் ஊர்ப் படமொன்றையும் பெயர், திகதி எழுதி அருகிலே வைத்துச் செல்லலாம்.