சொந்த வீடு இல்லாதவனுக்குத் தண்டவரியா?

மின்சார வண்டியால் செலவு குறையும் என்கிறார்கள். யாருக்குக் குறையும் என்று கேட்கிறோம்.

பங்களாக்காரர் இரவில் தம் வீட்டிலேயே காருக்கு மின்னேற்றுகிறார். வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது. ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் ஆட்டோத் தொழிலாளிக்கு வண்டி நிறுத்தவே இடமில்லை. அவர் பொது நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே 100 ரூபாய் கட்டணத்துக்கு 18 ரூபாய் வரி!

இது எப்படி வந்தது? மின்னேற்றுவது மின்சார விற்பனை அல்ல, “சேவை” என்று 2018இல் மத்திய மின்துறை விளக்கியது. அதனால் நிலையம் வைக்கும் முதலாளிக்கு லைசென்ஸ் தொல்லை நீங்கியது. சேவை என்றால் 18 சதவீதம் வரி உண்டு என்று 2023இல் கர்நாடக ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம் கூறியது. ஒரே வார்த்தை: முதலாளிக்குச் சலுகை, தொழிலாளிக்குச் சுமை!

விரைவு மின்னேற்றும் யந்திரம் விலை அதிகம் என்பார்கள். உண்மைதான், யந்திரத்துக்குரிய கட்டணத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் பல லட்ச ரூபாய் மின்சாரக் காருக்கே 2019 முதல் வரி 5 சதவீதம்தானே! அதை ஓட்டும் மின்சாரத்துக்கு 18 சதவீதமா?

தோழர்களே! பொது நிலையத்தில் மின்னேற்றுவதற்கு விதிக்கும் வரியை ரத்துச் செய்! ஆட்டோ ஸ்டாண்டுகளில் சர்க்காரே நிலையம் அமைத்திடு! இக்கோரிக்கையைச் சங்கந்தோறும் எழுப்புவோம்!