கலங்கல் பக்கம் போகும் முன்... ஒரு கைவலை பின்னலாம்!

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தால் போதும், வண்டலூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் வட்டாரத்தில் ஏரிகள் கலங்கல் வழியத் தொடங்கிவிடும். அடையாற்றுக்கு முதல் தண்ணீர் கொடுப்பவை இந்தப் பக்கத்து ஏரிகள்தான். வழிகிற தண்ணீரில் மீன் எதிர்த்து ஏறும். மீன் ஏறினால் ஆட்களும் வந்துவிடுவார்கள், பிளாஸ்டிக் கூடை, பழைய புடவை, கிழிந்த கொசுவலை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு.

இதில் கொசுவலைதான் வம்பு. விரால் மீன் மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கும். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் ஒரே கூட்டமாகத் தண்ணீரின் மேல்மட்டத்தில் திரியும்; பெரிய விரால் பக்கத்திலேயே காவல் காக்கும். கொசுவலையை ஒருமுறை போட்டு இழுத்தால் அந்தக் கூட்டம் மொத்தமும் வந்துவிடும். விரல் நீளம்கூட இல்லாததை வைத்துக் குழம்பா வைக்க முடியும்? அடுத்த வருஷத்து விரால் கரையிலேயே காய்ந்து கிடக்கும். மீன் கடையில் உயிர் விரால் என்ன விலை என்று கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த நஷ்டம் புரியும்.

கையால் பின்னும் வலையில் இந்தத் தொல்லை இல்லை. எந்த மீன் பையில் விழ வேண்டும், எது தப்பிப் போக வேண்டும் என்பதைப் பின்னுகிறவர் முதல் முடிச்சு போடும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்.

கைவலை என்பது ஒரு வளையம், ஒரு கைப்பிடி, ஒரு வலைப்பை. அவ்வளவுதான். தென் மாவட்டங்களின் மீன்பிடித் திருவிழாக்களில் ஊத்தா, தூரியோடு சேர்த்துச் சொல்லப்படும் கச்சாவும், யாழ்ப்பாணத்துப் பக்கம் சொல்லும் அத்தாங்கும் இதன் உறவுக்காரர்கள். தூண்டிலில் சிக்கிய மீன் கரைக்கு வரும் நேரத்தில் துள்ளி அறுத்துக்கொண்டு போகாமல் ஏந்தி எடுக்கவும் இதுவே உதவும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ட்ரவுட் மீன் பிடிப்பவர்கள் ஆஷ் மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவி, பசை போட்டு ஒட்டி, அச்சில் வளைத்து, வார்னிஷ் அடித்து வளையம் செய்கிறார்கள். நம்மிடம் மூங்கில் இருக்கும்போது பசைக்கு என்ன வேலை?

நன்றாக முற்றிய மூங்கிலாகப் பார்த்து வாங்க வேண்டும். இளசு என்றால் பூச்சி அரித்து மாவாக உதிரும். முற்றியதையும் இரண்டு, மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் பூச்சிக்குப் பிடித்த மாவுச்சத்து வெளியேறும். 45 சென்டிமீட்டர் அகல வாய்க்கு, கைப்பிடியோடு சேர்த்துக் கட்டும் இரண்டு முனைகளையும் கணக்கிட்டால், சுமார் 2 மீட்டர் நீளப் பட்டை வேண்டும். உள்பக்கத்து வெள்ளைச் சோற்றைச் சீவிவிட்டு, பச்சைத் தோல் வெளியே இருக்கும்படி, நெருப்பு அனலில் காட்டிக் காட்டி வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் டப்பென்று ஒடியும். வளைந்ததைக் கயிற்றால் கட்டி நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் வெடிப்பு விழும்.

வலைப்பைக்கு ஒரு வலை ஊசியும் ஒரு மரச் சட்டமும் தேவை. ஊசியை மூங்கில் சிம்பிலேயே செதுக்கலாம். சட்டம் என்பது சின்னப் பட்டைதான், ஸ்கேல் மாதிரி. ஆனால் மொத்த வலையின் ஒழுக்கமும் அதன் அகலத்தில் இருக்கிறது. நூலைச் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மேல் வரிசைக் கண்ணில் முடிச்சிடுவதால், சட்டத்தின் அகலம்தான் முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி. 2 சென்டிமீட்டர் சட்டத்தில் பின்னினால், இழுத்துப் பிடித்த வலைக்கண் 4 சென்டிமீட்டர் வரும். விரால் குஞ்சு அதில் தாராளமாக நழுவிப் போகும். குழம்புக்கான கெண்டை நிற்கும்.

வாய்க்கு 60 கண்ணில் தொடங்கி, சுற்றிச் சுற்றி 25 வரிசை பின்னினால் முழங்கை ஆழத்துக்குப் பை கிடைக்கும். அடி நெருங்கும்போது இரண்டு கண்களைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டால் பை தானாகக் குறுகும். மொத்தம் ஆயிரத்துக்கு மேல் முடிச்சு. டி.வி. சீரியல் பார்த்துக்கொண்டே பின்னுகிற வேலைதான், என்ன, நாலைந்து எபிசோடு கூடுதலாக ஆகும். முடிச்சு வழுக்கினால் கண் பெரிதாகிவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும்.

நைலான் வருவதற்கு முன் இதெல்லாம் பருத்தி நூலில்தான். தண்ணீரில் அது சீக்கிரம் மக்கும் என்பதால் பனிச்சங்காயின் பிசுபிசுத்த துவர்ச் சாற்றில் வலையை ஊறவைத்துக் காயப்போடுவார்கள். நைலானுக்கு அந்த வேலை மிச்சம். ஆனால் அது மக்காது. அறுந்த துண்டு ஏரியில் கிடந்தால் நீர்க்கோழிக் காலில் சுற்றும், ஆமைக் கழுத்தில் மாட்டும். கிழிந்த வலையைக் கரையில் விட்டு வராமல் வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது.

பையை வளையத்தில் கட்டும்போது பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கட்டு நூல் வளையத்தின் வெளிப்புறம் துருத்திக்கொண்டிருந்தால், தரையில் உரசி இரண்டே நாளில் அறுந்துவிடும். கத்தி முனையால் சின்னப் பள்ளம் கீறி, நூல் அதற்குள் படியும்படி கட்டினால் பல வருஷம் தாங்கும்.

கைப்பிடி 4 அடிக்குக் குறைய வேண்டாம். கரையில் நின்றபடியே எட்டும் நீளம் அது. கலங்கல் தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரியும், ஆனால் இழுப்பு வேறு மாதிரி. 2015 டிசம்பரை முடிச்சூர்க்காரர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் வலையைக் கொடுத்துவிட்டு போன் பார்க்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பல ஏரிகளில் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரைக் கேட்காமல் இறங்கினால் தகராறுதான். உயிரியல் பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரி பறவைகளுக்கானது, அங்கே வலைக்கு வேலையில்லை. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பை கீழே தொங்கும்படி நிழலில் மாட்டிவையுங்கள். மீன் வாடையோடு மூலையில் சுருட்டிப் போட்டால் எலி கடித்துவிடும்.