பெயர் பறிக்கப்பட்ட நாடு

ஒருவனைக் கொல்லாமற் கொல்லும் வழி ஒன்றுண்டு. அவன் பெயரை எவரும் வாயாற் சொல்லலாகாதென்று ஊரை அச்சுறுத்தி அடக்கிவிடுவதே அது. தனி மாந்தனுக்கு இழைப்பின் கொடுமையெனப்படும் இச் செயல், ஒரு நாட்டிற்கு இழைக்கப்படுங்கால் 'அயலுறவுக் கொள்கை' என்று அழகுபெயர் பெறுகின்றது. தைவான் தீவிற்கு இன்று நேர்ந்திருப்பது இதுவே.

நாடென்பது யாது? 1933-ஆம் ஆண்டு மொந்தெவிதேயோ நகரில் அமெரிக்கக் கண்டத்து அரசுகள் கூடிச் செய்த உடன்படிக்கை அதற்கு நான்கு உறுப்புகளைக் கூறும்: நிலையான குடிகள், வரையறுத்த நிலம், அரசு, பிற நாடுகளொடு உறவுகொள்ளும் திறம். பிறர் ஏற்பினும் ஏலாவிடினும் நாட்டின் அரசியல் இருப்பு இல்லாமற் போகாதென்றும் அதுவே விளங்கக் கூறுகின்றது. தைவானில் 2 கோடியே 30 இலக்கம் குடிகள் உளர். அதன் நிலம் தமிழ்நாட்டுப் பரப்பிற் காற்பங்கினும் சற்று மிகுதி. தனி நாணயமும் தனிப் படையும் தனிக் கடவுச்சீட்டும் உள. 1996 முதல் குடிகளே நேரில் தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவரும் உண்டு. இத்துணை இருந்தும், 2024-இல் நவூரு விலகியபின் அதனை முறைப்படி ஏற்று நின்ற அரசுகள் வத்திக்கான் உட்பட 12 மட்டுமே!

'அது சீனத்தின் பகுதியன்றோ?' என்பார்க்கு வரலாறே விடை கூறும். 1895-இல் போரில் தோற்ற சிங் அரசு தீவைச் சப்பானுக்குக் கொடுத்தது. 1943-இல் கெய்ரோவிற் கூடிய முப்பெருந் தலைவர்கள் அதனைச் சீனக் குடியரசிற்கு மீட்டளிப்போம் என்றனர். 1951-இல் சான் பிரான்சிசுக்கோ அமைதி ஒப்பந்தத்தில் சப்பான் தன் உரிமையைத் துறந்தது. யாருக்காகத் துறந்ததென்று எழுதப்படவில்லை. 1949-இல் தோன்றிய மக்கள் சீனக் குடியரசோ அத் தீவை ஒரு நாளேனும் ஆண்டதில்லை. இக் கைம்மாற்றங்களுள் ஒன்றிலேனும் தீவு மக்களின் உள்ளம் வினவப்பட்டதா? சந்தையில் மாட்டைக் கைமாற்றுவோரும் மாட்டைக் கேட்பதில்லை!

1971 அக்தோபர் 25-இல் ஒன்றிய நாடுகள் மன்றம் 2758-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரித்தவை 76 நாடுகள், எதிர்த்தவை 35. இந்தியாவும் ஆதரித்தது. சீனத்தின் இருக்கை எவர்க்குரியது என்பதே அன்றைய வழக்கு. சியாங் கை-சேக்கின் சார்பாளரை அது வெளியேற்றிற்று. 'தைவான்' என்னும் சொல்லோ அத் தீர்மானத்தில் ஓரிடத்தும் இல்லை! பெயரே குறியாத ஓர் ஆவணம் நிலத்தை யாங்ஙனம் எழுதிக் கொடுக்கும்? அதனையே உரிமைப் பட்டயமாகக் காட்டுவது முறையன்று, வலியோன் வழக்கு.

பழி பீக்கிங்கிற்கு மட்டும் உரியதன்று. முழுச் சீனத்திற்கும் தாமே அரசென்று வீண் வீம்பு பேசித் தீவின் வாய்ப்பைக் கெடுத்தது சியாங்கின் கட்சியே. 1947 பிப்பிரவரி 28-இல் கிளர்ந்தெழுந்த மக்களை ஆயிரக்கணக்கிற் கொன்றழித்ததும் அவ்வாட்சியே. 1949 முதல் 1987 வரை படைச்சட்டம்! பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவர்க்கு ஒறுப்புக் கட்டணம். கழுத்தில் இழிவுப் பலகை! எனினும் மொழி மாயவில்லை. 2018-இன் இறுதியில் அத் தீவின் சட்டமன்றமே, பழங்குடியினர் மொழிகள் உள்ளிட்ட தீவின் மொழிகளெல்லாம் நாட்டு மொழிகளே என்று சட்டம் செய்தது. மக்களாட்சி மலர்ந்த மண்ணில் தாய்மொழியும் தலைநிமிரும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

உள்ளே பெயர் மீண்டது. வெளியே இன்னும் மீளவில்லை. ஒலிம்பிக்கு விளையாட்டில் அந் நாட்டார் 1984 முதல் 'சீனத் தைப்பெய்' என்னும் ஒட்டுப்பெயரோடு நடக்கின்றனர். 2007-இல் 'தைவான்' என்னும் பெயரால் உறுப்புரிமை வேண்டிய விண்ணப்பத்தை ஒன்றிய நாடுகள் மன்றச் செயலகம் திருப்பி அனுப்பியது. 2021-இல் இலித்துவேனியா தன் தலைநகரில் அப் பெயரோடு ஓர் அலுவலகம் திறக்க இசைந்ததற்கே சீனம் தூதுறவைத் தாழ்த்தியது. 2012-இல் சென்னையில் திறந்த அலுவலகமும் 'தைப்பெய்' என்றே பெயர் தாங்கியுள்ளது. ஞாலத்தின் மிகவுயர்ந்த கணிப்பொறிச் சில்லுகளிற் பெரும்பகுதி அத் தீவில்தான் செய்யப்படுகின்றது. பொருளை வாங்கக் கை நீளும். பெயரைச் சொல்ல நா எழாது! இதுவோ அறம்?

தனித்து நிற்பதோ, உள்ளபடி இருப்பதோ, இணைவதோ அத் தீவு மக்கள் தாமே முடிவு செய்யற்பாலது. பிரிவினைக்கெதிராகப் படைவலியைப் பயன்படுத்துவோம் என்று 2005-இற் சீனம் செய்த சட்டம் அம் முடிவின் கழுத்தில் வைத்த கத்தி. கத்திமுனையிற் பெறும் இசைவு இசைவாகாது.

ஏற்பு என்பது நாட்டைப் படைப்பதன்று. இருக்கும் நாட்டை உண்டென்று சொல்லும் நேர்மையே அது. அந் நேர்மை இல்லாதார் எத்துணைப் பேர் கூடி மன்றம் அமைப்பினும், அது வலியோர் கூட்டமேயன்றி நாடுகளின் மன்றமாகாது. தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை மக்கள் ஒவ்வோரினத்திற்கும் பிறப்புரிமை. அதனைத் தருவதற்கும் மறுப்பதற்கும் எவ் வல்லரசிற்கும் உரிமையில்லை!