எழுந்து போக முடியாதவர் முன் ஏன் கத்த வேண்டும்?

செங்காங் போன்ற பேட்டைகளில் இருக்கும் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கடந்து போயிருப்பீர்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரச் சிகிச்சை. பல ஆண்டுகளுக்கு அதே நாற்காலிகள், அதே தாதியர்.

அங்கே ஒருவர் கத்தினால் என்ன ஆகும்? பேருந்தில் யாராவது கத்தினால் நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரரின் ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கும். அவரால் எழ முடியாது. தாதியோ, திட்டு வாங்கிய கையோடு அடுத்தவருக்கு ஊசி குத்தவேண்டும்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய வாழ்க்கை. களைப்பு, செலவு, பயம். நோய் மீதுள்ள கோபம், பத்து நிமிடத் தாமதத்தைச் சாக்காக வைத்துத் தாதியின் மேல் பாய்கிறது.

சுகாதாரப் பராமரிப்பு ஊழியர்கள் 3,000க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கருத்தாய்வு 2023ல் வெளியானது. முந்திய ஓராண்டில் வசையையோ தொந்தரவையோ அனுபவித்ததாக அல்லது நேரில் கண்டதாக மூன்றில் இரு பங்கினருக்கும் மேல் கூறினர். பொதுச் சேவை ஊழியரைத் துன்புறுத்தினால் $5,000 வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இருக்கிறது.

ஆனால் வழக்குப் போட்டாலும், அதே நோயாளி நாளை மறுநாள் சிகிச்சைக்கு வந்தாக வேண்டும். அதனால் குடும்பத்தாருக்குத்தான் பெரிய பங்கு. குறை இருந்தால் தனியே நிலைய நிர்வாகியிடம் சொல்லுங்கள். அப்பாவின் எரிச்சல் கூடிக்கொண்டே போனால் மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசுங்கள். அவர் சார்பாக நீங்களும் சேர்ந்து கத்தாதீர்கள்.