காய்ச்சுவது வேறு, புளிக்க வைப்பது வேறு!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. குடிக்காதவர்கள் புண்ணியவான்கள், அப்படியே இருங்கள். நானும் இங்கே விஷ்ராந்த்வாடியில் பீர் தயாரிப்பதில்லை. சட்டம் அனுமதிக்கவில்லை, எனக்கு வங்கி வேலையும் வேண்டும் :-) அந்தச் சட்டத்தோடுதான் இன்றைக்குச் சண்டை.

பம்பாய் மதுவிலக்குச் சட்டம், 1949. இப்போது பெயர் மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம். பெயரில்தான் மதுவிலக்கு, தெருவுக்குத் தெரு ஒயின் ஷாப். இந்தச் சட்டப்படி குடிப்பதற்கே பர்மிட் வேண்டும். நான் பார்த்தவரை கடையில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. ஆனால் உங்கள் வீட்டு அடுப்படியில், உங்கள் காசில் வாங்கிய பார்லியை ஊறவைத்து பத்து லிட்டர் பீர் செய்தால்? லைசென்ஸ் இல்லாத மது உற்பத்தி. சாராய ஊறல் போட்டவனும் நீங்களும் ஒரே கூண்டில். நம் தமிழ்நாட்டின் 1937 சட்டமும் இந்த விஷயத்தில் இதற்கு அண்ணன்தான்.

சரி, பீர் எப்படிச் செய்கிறார்கள்? சிங்கப்பூரில் என் மச்சான் வீட்டில் கூட இருந்து பார்த்தேன். டின்னில் வரும் மால்ட் பாகு இல்லை, முழுக்க முழுக்கத் தானியம். பொருட்கள் என்று பார்த்தால் ஒரு பிரியாணி அண்டா, பழைய வேட்டியில் தைத்த பை, தெர்மாமீட்டர், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. அவ்வளவுதான்.

பத்து லிட்டருக்கு இரண்டரை கிலோ பார்லி மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. கொரகொரப்பாக உடைத்து, துணிப் பையில் போட்டு, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். சூடு போகாமல் அண்டாவைக் கம்பளியால் சுற்றிவிடுவார் மச்சான். முளைத்த தானியத்தில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலை அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கிறது. 80 டிகிரிக்குப் போனால் நொதி செத்துவிடும், கதை முடிந்தது. பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, அந்த இனிப்புக் கஷாயத்தில் கசப்புக்கும் வாசனைக்கும் 15 கிராம் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதி. சீக்கிரமாக 20 டிகிரிக்கு ஆறவைத்து, வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி மூடி. மூடியில் ஒரு துளை, அதில் சின்ன டியூப், டியூபின் மறுமுனை ஒரு டம்ளர் தண்ணீரில். இரண்டு வாரம் குமிழ் விடும். அடங்கியதும் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம்.

இதில் எங்கே சாராயம் வந்தது? நம் மொழியிலேயே குழப்பம் இருக்கிறது. பீரையும் "காய்ச்சுறான்" என்போம், சாராயத்தையும் "காய்ச்சுறான்" என்போம். சாராயம் என்பது ஊறலைக் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்து வடிப்பது. பீர் புளிக்க வைப்பது. தோசை மாவுக்குப் பக்கத்து வீடு!

உடனே, "கள்ளக்குறிச்சி மறந்துபோச்சா?" என்பார்கள். மறக்கவில்லை சார். 2024 ஜூனில் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2015-ல் மும்பை மால்வணியில் நூறுக்கும் மேல். இரண்டிலும் ஆளைக் கொன்றது மெத்தனால். விற்பதற்காக எவனோ தொழிற்சாலை விஷத்தைக் கலந்தான். பார்லி புளிப்பதில் மெத்தனால் ஏறக்குறைய உண்டாவதே இல்லை. வடிப்பதும் இல்லை, எதுவும் செறிவாகவும் வழியில்லை. சுத்தம் இல்லாவிட்டால் பீர் புளித்துப்போகும், அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும். இவைதான் வீட்டு பீரின் ஆபத்துகள். அந்தச் சாவுகளைக் காட்டி இந்தப் பானையை உடைப்பது நியாயமா?

"நம்ம கலாச்சாரம்" என்று ஆரம்பிப்பவர்களுக்கு: பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பாருங்கள். அரிசிக் கூழை அகன்ற வாய்த் தட்டில் ஆறவைத்து, முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிடும் செய்முறை அதில் இருக்கிறது. மச்சான் செய்தது இதைத்தான், நெல்லுக்குப் பதில் பார்லி.

நான் பி.காம். கணக்கு வழியாகத்தான் எனக்கு எதுவும் புரியும். 2023-24-ல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். கள்ளுக்கு 1987 முதல் தடை, பிராந்திக்கு அரசே கவுண்டர். இதே புனேயில் 2009-ல் டூலாலி என்ற மைக்ரோ ப்ரூவரி வந்தது. அங்கேயும் மால்ட், வெந்நீர், ஹாப்ஸ், ஈஸ்ட் இவைதான். லைசென்ஸ் கட்டணமும் வரியும் கட்டினால் தொழில், கட்டாவிட்டால் குற்றம். இது வரிச் சட்டம், ஒழுக்கத்தின் வேட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. வரிச் சட்டம் என்றே சொல்லுங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

வேறு நாடுகள் எப்படித் தீர்த்தன? இங்கிலாந்து 1963-ல் வீட்டு பீருக்கான லைசென்ஸை ஒழித்தது. அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். கடைசி இரண்டு மாநிலங்களான அலபாமாவும் மிசிசிப்பியும் இறங்கிவர 2013 ஆயிற்று. நமக்குப் பொருத்தம் சிங்கப்பூர்தான். சூயிங்கம்முக்கே தடை போட்ட ஊர், 2004-ல் வீட்டில் புளிக்கவைக்க அனுமதித்தது. குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர், சொந்த உபயோகத்துக்கு மட்டும். விற்கக்கூடாது, வடிக்கக்கூடாது. அதனால் ஊர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பெண்கள் படும் பாட்டை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குடியால் நாசமான குடும்பங்களை நம் எல்லோருக்கும் தெரியும். மகாராஷ்டிரத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பெண்கள் கேட்டால் வாக்கெடுப்பு நடக்கும், பாதிக்கு மேல் எதிராக விழுந்தால் மதுக்கடை மூடப்படும். "ஆட்வி பாட்லி", படுத்த பாட்டில் என்பார்கள். அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கடை தெருவுடையது, தெரு ஓட்டுப் போடட்டும். வீட்டுப் பானைக்கு வீட்டுக்காரி ஓட்டுப் போடட்டும். அவர் வேண்டாம் என்றால் பானை ஏறக்கூடாது. இன்னொன்று: ஒரு மாதம் காத்திருந்து குடிக்கிற பீரை, சம்பள நாளில் கடை வாசலில் கவிழ்கிற குடியோடு சேர்க்காதீர்கள்.

நான் கேட்பது நாலே வரி. புளிக்கவைத்தது மட்டும். வடிப்பது கூடாது. விற்பது கூடாது. மாதத்துக்கு ஓர் அளவு. இதைச் சட்டத்தில் சேர்க்க எந்தப் புரட்சியும் தேவையில்லை.

கடைசியாக, லண்டன், நியூஜெர்சி, சிங்கப்பூர் சொந்தங்களே! ஊருக்கு வரும்போது ட்யூட்டி ஃப்ரீயில் ஆளுக்கு 2 லிட்டர் ஸ்காட்ச் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், மாமா சித்தப்பாவெல்லாம் பெருமையாக வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். அதே வீட்டில் ஒருத்தன் பார்லியை ஊறவைத்தால், "குடும்ப மானம் போச்சு" என்கிறோம். 40 சதவீதம் கௌரவம், 5 சதவீதம் கேவலம். இது என்ன கணக்கு, நீங்களே சொல்லுங்கள்.