புதிய இயங்குதளமும் எங்கள் பழைய மடிக்கணினியும்

பழையது விலகுவதும் புதியது வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு, அதில் குற்றமில்லை என்று நன்னூலார் அன்றே சொல்லிச் சென்றார். மொழிக்குச் சொன்ன அந்த இலக்கணம் இன்று நம் வீட்டுக் கணினிக்கும் பொருந்துகிறது. ஆனால் ஒன்று பழையதாகிவிட்டது என்று முடிவு செய்பவர் யார்? பயன்படுத்தும் நாமா? விற்பவரா? இந்தக் கேள்வியைத்தான் மாணவ நண்பர்கள் முன்பும் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

கணினியின் உறுப்புகளையும் நாம் இடும் வேலைகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11-ஐ ஏற்க 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கவேண்டும். ஆகவே எந்தப் பழுதும் இல்லாத கணினிகள் பல ஒரே நாளில் ‘பழையவை’ ஆகிவிட்டன!

அவற்றுள் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் என் அக்கா பெற்ற விலையில்லா மடிக்கணினி அது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அக்கா. அவள் படித்து முடித்தபின் அது என் கைக்கு வந்தது. அதில் முதலில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தபோது, புதியதை ஏற்றித் தருமாறு ஒரு கடையில் கொடுத்தோம். மாலையில் கணினி புத்தம் புதிதாகத் திரும்பி வந்தது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் ஏற்றியிருந்தார்கள். அக்கா தன் கட்டுரைக்காகப் பதிவு செய்து வைத்திருந்த அப்பத்தாவின் நடவுப் பாட்டுகளும் அதோடு போயின. அப்பத்தா அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. “உள்ளே இருப்பதற்குப் படி எடுத்து வைத்திருக்கிறீர்களா?” என்று அவரும் கேட்கவில்லை, எடுக்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

2025-இல் மறுபடியும் திரையில் எச்சரிக்கை வந்தது. இம்முறை கடையில் கிடைத்த பதில், “இது இனி உதவாதும்மா, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்” என்பது. அப்பாவின் சில மாதக் கூலியை ஒரு பெட்டிக்குக் கொடுப்பதா? ‘பதறாத காரியம் சிதறாது’ என்று எண்ணிக் கணினி அறிவியல் படிக்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். அவர் முதலில் கோப்புகளையெல்லாம் இரண்டு இடங்களில் படியெடுக்கச் செய்தார். பிறகு நினைவகத்தைக் கூட்டி, சுழலும் வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தி, லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றித் தந்தார். செலவு மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று. இக்கட்டுரையை அதில்தான் தட்டச்சு செய்கிறேன்.

லினக்ஸ் ஒன்றும் நேற்று முளைத்ததன்று. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர் அதன் கருவை எழுதினார். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் மென்பொருள்களோடு சேர்ந்து அது வளர்ந்தது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் அதன் அடிப்படையில் ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் உருவாக்கியது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி பயில்கிறார்கள்.

“பழைய விண்டோஸே நன்றாக ஓடுகிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினி, பூட்டு பழுதான வீட்டைப் போன்றது. அதை இணையத்தோடு இணைத்து வங்கிக் கணக்கையும் உதவித்தொகை விண்ணப்பத்தையும் திறப்பது ஆபத்து. ஆகவே மாற்றம் வேண்டும்தான். அதற்காக எல்லோரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. டேலி பயிலும் வணிகவியல் மாணவர் விண்டோஸை விடமுடியாது. சில அச்சுப்பொறிகளும் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். தன் தேவை எது, தன் கணினியின் திறன் எது என்று அறிந்து மாறவேண்டும் என்பதே என் கருத்து. விண்டோஸ் 11-ஐ நம் கணினி ஏற்குமா என்று சோதிக்க மைக்ரோசாப்டே ஒரு சிறு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. லினக்ஸின் பல வகைகளைக் கணினியில் ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகளும் வினாத்தாள்களும் நம் துறைகளில் இன்னும் இருக்கின்றன. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். இயங்குதளத்தை மாற்றுமுன் எழுத்துருவையும் படியெடுத்துக்கொள்ள வேண்டும்; இயன்றால் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். ஓலைச்சுவடிகளைத் தேடித்தேடிப் பதிப்பித்த உ.வே.சா. பிறந்த மண்ணில், ஓர் எழுத்துரு இல்லாமையால் ஒரு பேராசிரியரின் வாழ்நாள் உழைப்பு மறையலாமா?

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் கணினி அறிவியல் துறை இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமைகளில் ஒரு முகாம் நடத்தட்டும். மாணவர்கள் தங்கள் வீட்டுப் பழைய கணினிகளைக் கொண்டுவரட்டும். படியெடுப்பது எப்படி, சோதிப்பது எப்படி, எதை மாற்றினால் போதும் என்று மூத்த மாணவர்கள் கற்றுத் தரட்டும். குப்பைக்குப் போக இருந்த பல கணினிகள் இன்னும் சில ஆண்டுகள் ஏழை வீடுகளில் உழைக்கும்.

புதியதை வரவேற்போம். ஆனால் அது நம் வீட்டுக்குள் வரும்போது, நம்முடைய பழஞ்செல்வத்தைத் துடைத்தெடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வோம். அப்பத்தாவின் குரல் எனக்கு இனிக் கிடைக்காது. உங்கள் வீட்டுக் குரல்களாவது பத்திரமாக இருக்கட்டும்.