மௌனம் சம்மதம் அல்ல



அது 2012-ஆம் ஆண்டின் தவக்காலம். எங்கள் பங்கில் தனியே வாழ்ந்துவந்த வயது முதிர்ந்த கைம்பெண் ஒருவருக்கு நற்கருணை கொண்டு செல்லும் முன், தகவல் சொல்வதற்காகக் கைபேசியில் அழைத்தேன். மணியோசைக்குப் பதிலாக மாதா பாடல் ஒன்று ஒலித்தது. வீட்டிற்குச் சென்றதும், "பாட்டி, உங்க போன்ல மாதா பாட்டு ரொம்ப நல்லா இருக்கு" என்று பாராட்டினேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "எந்தப் பாட்டு சாமி? என் போன்ல பாட்டே கிடையாதே. காசு போட்டா மட்டும் நிக்கவே மாட்டேங்குது" என்றார்.

பக்கத்து வீட்டு இளைஞர் விசாரித்தபோது விவரம் தெரிந்தது. காலர் டியூனுக்காக மாதம் 30 ரூபாய் வீதம் எட்டு மாதங்களாகப் பணம் பிடிக்கப்பட்டிருந்தது. திரையில் வந்த ஏதோ ஒரு செய்தியை மறைய வைக்க, பாட்டி ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார். அதுவே 'சம்மதம்' ஆகிவிட்டது. காலர் டியூன் அழைப்பவருக்கு மட்டுமே கேட்கும். ஆகவே, தான் ஒருநாளும் கேட்க முடியாத ஒரு பாட்டுக்கு, முதியோர் உதவித்தொகையிலிருந்து அவர் 240 ரூபாய் கொடுத்திருக்கிறார். அந்தப் பாட்டைப் புகழ்ந்த நானும், அதற்கு யார் விலை கொடுக்கிறார் என்று கேட்கவில்லை.

இது ஒரு பாட்டியின் கதை மட்டுமல்ல. கிரிக்கெட் ஸ்கோர், ராசிபலன், நகைச்சுவைத் துணுக்கு, தினம் ஒரு இறைவசனம் என எத்தனையோ பெயர்களில் இந்தச் சந்தா வணிகம் நம் நாட்டில் வளர்ந்தது. விரும்பிக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் கேட்காதவர்களிடமும் பணம் பிடிக்கப்பட்டதே சிக்கல். நம் நாட்டில் பெரும்பாலோர் முன்கூட்டியே பணம் செலுத்தும் பிரீபெய்டு வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு மாதக் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வருவதில்லை. எனவே எதற்காகப் பணம் போனது என்பதே தெரியாது. நாளொன்றுக்கு ஒரு ரூபாய், மாதம் 30 ரூபாய் என்று சிறுகச் சிறுகப் போகும். அந்தச் சிறு தொகைக்காகப் புகார் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆனால் சிறு துளிதானே பெரு வெள்ளம்?

வளர்ந்த நாடுகளிலும் இதே நிலைதான். அமெரிக்காவில் ராசிபலன், திரைநட்சத்திரச் செய்தி போன்ற குறுஞ்செய்திகளுக்காக, வாடிக்கையாளரின் அனுமதியின்றி மாதந்தோறும் பெரும்பாலும் 9.99 டாலர் பிடிக்கப்பட்டது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2014-இல் டி-மொபைல் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. செய்தியை அனுப்பியது வேறு நிறுவனமானாலும், வசூலான தொகையில் 35 முதல் 40 விழுக்காடு வரை தொலைபேசி நிறுவனத்திற்கே சென்றது என்றும் ஆணையம் குற்றம் சாட்டியது. குறைந்தது 9 கோடி டாலர் தருவதாக அந்நிறுவனம் அதே ஆண்டு உடன்பட்டது. ஏடி அண்ட் டி நிறுவனம் 10.5 கோடி டாலருக்கும், 2015-இல் ஸ்பிரின்ட், வெரைசன் ஆகிய இரண்டும் சேர்ந்து 15.8 கோடி டாலருக்கும் உடன்பட்டன.

நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கண்டிப்பான ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. வாடிக்கையாளர் ஒருமுறை அல்ல, இருமுறை தெளிவாகச் சம்மதித்தால்தான் இத்தகைய சேவையைத் தொடங்கலாம் என்றது. வேண்டாத சேவையை நிறுத்த 155223 என்ற கட்டணமில்லா எண்ணையும் பொதுவாக ஏற்படுத்தியது. ஒருவரின் 'ஆம்' உண்மையான 'ஆம்'தானா என்று கேட்க ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

இங்கேதான் நம் விசுவாசம் நம்மோடு பேசுகிறது. நாசரேத்தூர் மரியாவிடம் வந்த வானதூதரை நினைத்துப் பாருங்கள் (லூக் 1:26-38). அண்ட சராசரங்களைப் படைத்தவர் ஓர் ஏழைச் சிற்றூர்ப் பெண்ணிடம் தம் திட்டத்தை அறிவிக்கிறார். மரியா கேள்வி கேட்கிறார். அதற்கு விளக்கம் தரப்படுகிறது. மரியா தம் வாயால் சம்மதம் சொன்ன பின்புதான் வானதூதர் அவரை விட்டு அகல்கிறார். கடவுளே ஒரு மனிதரின் 'ஆம்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார் என்றால், தவறி அழுத்திய பொத்தானைச் 'சம்மதம்' என்று எழுதிக்கொள்ள ஒரு வணிகருக்கு என்ன உரிமை? அதுவும் அந்த அன்னையைப் புகழும் பாடலை வைத்தே?

அளவையைச் சுருக்கியும் கள்ளத் தராசு வைத்தும் ஏழைகளை வாட்டிய வணிகரை இறைவாக்கினர் ஆமோஸ் சாடினார் (ஆமோ 8:4-6). அவர்களும் ஒரே நாளில் மூட்டை மூட்டையாகக் கொள்ளையடிக்கவில்லை. கைப்பிடி கைப்பிடியாகத்தான் எடுத்தார்கள். நாட்டுச் சட்டத்திற்கு முரணாக இல்லாவிட்டாலும், பிறர் பொருளை அநீதியாக எடுப்பதும் வைத்திருப்பதும் ஏழாம் கட்டளைக்கு எதிரானது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2409) கற்பிக்கிறது. எடுத்ததைத் திருப்பித் தரும் கடமையையும் (எண் 2412) அது வலியுறுத்துகிறது. சக்கேயு மனம் வருந்தியதோடு நின்றுவிடவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். தம் கையால் ஏமாற்றியவர் மட்டுமல்ல, தெரிந்தே அதில் பங்கு பெறுபவரும் பொறுப்பாளிதான்.

இன்று குறுஞ்செய்திச் சந்தாவின் இடத்தைக் கைபேசிச் செயலிகள் பிடித்துக்கொண்டன. 'முதல் மாதம் இலவசம்' என்று தொடங்கி, பிறகு வங்கிக் கணக்கிலிருந்தே பணம் தானாகப் போகிறது. சேர ஒரு தொடுகை போதும். விலகவோ வழி தேடி அலைய வேண்டும். இத்தகைய சந்தாப் பொறி உள்ளிட்ட 13 ஏமாற்று உத்திகளைத் தடைசெய்து 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகளை வெளியிட்டது. சட்டம் வந்தது நல்லதே. ஆனால் நெறிமுறையைப் படித்துப் புகார் செய்யப் பாட்டியால் முடியுமா?

எனவே, நாம் என்ன செய்யலாம்? அடுத்த அன்பியக் கூட்டத்தில், நம் இளைஞர்கள் முதியவர்களின் அருகில் அமர்ந்து அவர்களது கைபேசியைப் பொறுமையாகப் பார்க்கட்டும். எந்தச் சந்தா ஓடுகிறது, எந்தக் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று எடுத்துச் சொல்லட்டும். அவர்கள் வேண்டாம் என்பதை நிறுத்திக் கொடுக்கட்டும். இதுவும் இரக்கச் செயலே. செயலிகளை வடிவமைக்கும் பணியில் இருக்கும் நம் பிள்ளைகளே, 'வேண்டாம்' என்ற பொத்தானை ஒளித்து வைக்கச் சொன்னால், உங்கள் பாட்டியின் முகத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். பங்குப் பொறுப்பிலிருக்கும் நாமும் நம்மைச் சோதித்துப் பார்ப்போம். கூட்டத்தில் யாரும் பேசாததை வைத்து, 'எல்லாருக்கும் சம்மதம்' என்று எத்தனை முறை வரி எழுதியிருக்கிறோம்?

அந்தப் பாட்டிக்கு இழந்த பணம் திரும்பக் கிடைக்கவில்லை. சேவையை மட்டும் அந்த இளைஞர் நிறுத்திக் கொடுத்தார். அடுத்த வாரம் நான் அழைத்தபோது வெறும் மணியோசைதான் கேட்டது. மாதா பாடலைவிட அந்த மணியோசையே அன்று எனக்கு நிறைவைத் தந்தது.

சிந்திப்போம், செயல்படுவோம்.